குடியை நிறுத்த வைக்கும் அவசரத்தில் வீட்டார் செய்யும் தவறுகள்

என் பெரியப்பா இருபது வருடம் குடித்தவர். காலையில் ஒரு குவார்ட்டர் உள்ளே போகாவிட்டால் காபி டம்ளரைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கும். ஒரு கார்த்திகை முதல் தேதி மாலை போட்டார், அன்றோடு குடியை விட்டார். வீடே பூரித்துப்போனது. இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. கையில் இரும்புச் சாவியைத் திணித்தோம். மூன்றாம் நாள் இரவு சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார், செத்துப்போன பாட்டியோடு பேசினார். காத்துக்கருப்பு என்று வேப்பிலை அடிக்க ஆளைக் கூப்பிட்டோம். மறுநாள் காலையில்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்தது அவர் ஆயுள் கெட்டி என்பதால்தான்.

அன்று நாங்கள் செய்ததைத்தான் இன்றும் பல வீடுகளில் செய்கிறார்கள். மது மூளையை மந்தமாக்கும். தினமும் அதிகம் குடிப்பவருக்கு, அந்த மந்தத்தை ஈடுகட்ட நரம்புகள் எந்நேரமும் முறுக்கேறியே இருக்கப் பழகிவிடும். மது சட்டென்று நின்றால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை முதல் நாளே தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இல்லாதது கண்ணில் தெரிவதும், காய்ச்சலும், ஆள் தெரியாத குழப்பமும் இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் வரலாம். அது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. காலையில் கை நடுங்குகிறவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் ஆகியோர் வீட்டில் தாமாக நிறுத்தவே கூடாது. டாக்டர் அந்த முறுக்கைத் தணிக்கும் டயஸெபம் வகை மருந்து கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார். மாலையும் கயிறும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கயிறு கட்டும் முன் டாக்டரைப் பாருங்கள்.

அடுத்தது, “ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினா தெளிஞ்சிடுவார்” என்ற நம்பிக்கை. குடிநோயாளி சரியாகச் சாப்பிடுவதில்லை. ஊறுகாயும் சுண்டலும்தான் பாதி நாள் அவர் சாப்பாடு. தின்கிற கொஞ்சத்திலிருந்தும் தயமின் என்ற பி1 வைட்டமின் உடம்பில் சேராமல் மது கெடுத்துவிடும். குளுக்கோஸை எரிக்க மூளைக்கு அந்த வைட்டமின் வேண்டும். அது இல்லாத உடம்பில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் துளியும் தீர்ந்துபோகலாம். கண் நிலைகொள்ளாது, நடை தள்ளாடும், புத்தி குழம்பும். போதை தெளியவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். கவனிக்காமல் விட்டால் புதிதாக எதுவும் நினைவில் நிற்காத நிலை வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடக்கூடும். “இவர் தினமும் குடிப்பவர், தயமின் ஊசி போட வேண்டுமா?” என்று ஆஸ்பத்திரியில் தயங்காமல் கேளுங்கள்.

எடை கூடிவிடும் என்று பயந்து மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும் பிள்ளைகளுக்கும் இதே வைட்டமின் குறைபாடு வரலாம். அவர்களை ஒரே நாளில் வயிறு நிறையச் சாப்பிட வைத்துவிட வேண்டும் என்று தாய்மார் துடிப்பது புரிகிறது. ஆனால் காய்ந்து கிடந்த உடம்பில் திடீரென்று சோறு சேரும்போது ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு சரிந்து இதயமே தடுமாறக்கூடும். அவர்களுக்கும் டாக்டர் மேற்பார்வையில்தான் உணவைக் கூட்ட வேண்டும்.

எனக்கு மிகுந்த பயம் தருவது ரகசிய மருந்து. “குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள்” என்று சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. டைசல்பிராம் என்ற மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கிப் பொடித்துக் கலப்பவர்களும் உண்டு. மது உடம்பில் அசிட்டால்டிஹைடாக மாறி, பிறகு அதுவும் சிதைந்து வெளியேறும். இந்த மாத்திரை அந்த இரண்டாம் படியைத் தடுத்துவிடும். அசிட்டால்டிஹைடு தேங்கி முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் விழும். இதய நோய் உள்ளவர் இறந்தே போகலாம். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து நீடிக்கும். விஷயம் தெரிந்தவர் குடிக்காமல் தன்னைக் காத்துக்கொள்வார். தெரியாதவர் வழக்கம்போல் கடைக்குப் போவார். பரிசோதனைகள் செய்து, அவர் சம்மதத்தோடு டாக்டர் கொடுத்தால் அதே மாத்திரை நல்ல மருந்து.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுக்க வைத்தால் முடிந்தது என்பதும் தவறு. அது உடம்பிலிருந்து மதுவை இறக்குவது மட்டுமே. குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரொசேட் போன்ற மருந்துகள் உள்ளன. ஆலோசனையும் சேர்த்து மாதக்கணக்கில் தொடர வேண்டும். நடுவில் ஒருநாள் குடித்துவிட்டால் ‘எல்லாம் வீண்’ என்று சாபமிடாதீர்கள். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் அவரைத் திட்டாமல் டாக்டரிடம்தானே கூட்டிப்போகிறோம்?

ஆளை அடித்து, கட்டிப்போட்டுத் திருத்துவதாகச் சொல்லும் இடங்களில் சேர்க்காதீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மது, போதை சார்ந்த மனப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைக்கிறது. சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. எந்த மையத்தில் சேர்க்கும் முன்பும் அதன் பதிவுச் சான்றைக் கேளுங்கள், மனநல மருத்துவர் எந்த நாளில் வருவார் என்று கேளுங்கள்.

குடிப்பவர் டாக்டரிடம் வர மறுத்தால் நீங்கள் மட்டும் முதலில் போய்ப் பேசலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். குடிப்பவர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை; பல வருடம் தூங்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்த என் பெரியம்மா மாதிரியானவர்களும் அழைக்கலாம்.