எஃப்பிஎஸ் திடீரென்று விழுந்தால் உடனே கிராபிக்ஸ் கார்டை விற்காதீர்கள்

போன சனிக்கிழமை திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான். கேபினெட்டைப் பழைய போர்வையில் சுற்றி, கடலூர் - புதுச்சேரி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். லாஸ்பேட்டையில் என் வீட்டு மாடியில் வைத்துப் பிரிப்பதற்கு முன்பே கேட்டான்: "அண்ணா, கார்டு போயிடுச்சு. இதை எவ்வளவுக்கு எடுத்துப்பாங்க?"

கார்டு போய்விட்டது என்று யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை. 140 எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்ற கணக்கு) வந்த கேமில் ஒரு வாரமாக 100-ஐத் தாண்டவில்லை, நடுநடுவே இழுத்து இழுத்து நிற்கிறது, ஆகவே கார்டுதான் என்று அவனே முடிவு செய்துவிட்டான். வாங்க ஆள்கூடப் பார்த்து வைத்திருந்தான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். 2021-ல் நானும் இதைத்தான் செய்தேன், இன்னும் கொஞ்சம் மோசமாக. அதற்கப்புறம் என்னிடம் வந்த சிஸ்டங்களில் பாதிக்கு மேல் இதே கதைதான். அதனால்தான் எழுதுகிறேன். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகியிருக்கிறீர்களா, லேப்டாப் சார்ஜரில் இருக்கிறதா என்பதை எல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். கீழே தலைப்புகளில் வருபவை எல்லாம் இந்த நேரத்தில் நாம் செய்கிற தவறுகள்.

எண்ணைப் பார்க்காமல் கார்டின் மேல் பழி போடுவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்போது என்னிடம் இருந்தது ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி. ஆறு கோர் ப்ராசஸர், அதன் பெட்டியிலேயே வந்த கூலர். முத்தியால்பேட்டையிலிருந்து லாஸ்பேட்டைக்கு வீடு மாறினோம். சாமானெல்லாம் வண்டியில் போக, சிஸ்டத்தை மட்டும் யாரையும் நம்பிக் கொடுக்காமல் ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் படுக்க வைத்து நானே கொண்டுபோனேன். போய் மாட்டியதும் ஓடியது. ஒன்றிரண்டு நாளில் 110 வந்துகொண்டிருந்த கேம் 40-க்கு விழுந்தது. சித்திரை வெயில் வேறு, சரி சூடுதான் என்று டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். டிரைவரை மாற்றினேன். ஃபார்மட் அடித்தேன். எதற்கும் அசையவில்லை. நாலு வருஷக் கார்டு, ஆயுசு முடிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

அது கார்டு வாங்கவே கூடாத காலம். கார்டுகளை வைத்து கிரிப்டோ நாணயம் எடுக்கும் மைனிங்காரர்கள் ஒரு பக்கம், சிப் தட்டுப்பாடு ஒரு பக்கம் என்று விலை தாறுமாறாக ஏறியிருந்தது. 2022 செப்டம்பரில் ஈத்தரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றி, கார்டு வைத்து அதை மைனிங் செய்வது நின்ற பிறகுதான் பழைய கார்டுகள் சந்தைக்கு வந்து விலை முழுசாக மூச்சு விட்டது. நானோ 48,000 ரூபாய் கொடுத்து ஒரு ஆர்டிஎக்ஸ் 2060 வாங்கினேன். 1060-ஐ வாங்க வந்தவரிடம் பொய் சொல்ல மனசு வராமல் "ஸ்லோ ஆயிடுச்சு, எனக்கு 40 எஃப்பிஎஸ்தான் வருது" என்று சொல்லி 6,000-க்குக் கொடுத்தேன். நல்ல கார்டு என்று கொடுத்திருந்தால் அன்றைய நிலவரத்தில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்டிருக்கலாம்.

புதுக் கார்டை மாட்டி கேமைத் திறந்தால் 40. துல்லியமாக அதே 40.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைப் போட்டுத் திரையின் மூலையில் எண்களை வரவழைத்தேன். கார்டின் யூசேஜ், அதாவது அது எவ்வளவு வேலை செய்கிறது என்பது, 30 சதவீதம். ப்ராசஸர் 100 டிகிரி. 4 கிகாஹெர்ட்ஸ் வரை போக வேண்டிய ப்ராசஸர் 800 மெகாஹெர்ட்ஸுக்கும் 1200-க்கும் நடுவே தத்தளித்துக்கொண்டிருந்தது. கார்டு பாவம், வேலைக்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறது. பழைய கார்டும் அப்படித்தான் காத்திருந்திருக்கும்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். கூலரின் நாலு கால்களில் கீழ்ப்பக்கத்துக் கால் ஒன்று துளையிலிருந்து எம்பி நின்றது. ஒரு மூலை தூக்கியதால் கூலர் சாய்ந்து, ப்ராசஸரின் மேல் பாதி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. வீடு மாறின அன்று ஸ்பீடு பிரேக்கரில் கழன்றிருக்க வேண்டும். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதுசு தடவி, காலை மறுபடி அழுத்திப் பூட்ட 15 நிமிஷம் ஆனது. பேஸ்ட் விலை 200 ரூபாய்.

அந்த 1060 இன்றைக்கும் வாங்கியவர் வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. போன பணத்தைவிட, இரண்டு நிமிஷம் எண்ணைப் பார்க்காமல் ஒரு மாதம் அலைந்தேனே, அதுதான்.

இந்தக் கால்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அழுத்திவிட்டோம் என்று நினைப்பவர்களில் பலர் சரியாக அழுத்தியிருக்க மாட்டார்கள். தலையில் ஒரு அம்புக்குறி இருக்கும். அந்தத் திசையில் திருப்பினால் கழலும். மாட்டும்போது அதற்கு எதிர்த்திசையில் திருப்பி வைத்துவிட்டு, எதிரெதிர் மூலைகளாக இரண்டிரண்டாக அழுத்த வேண்டும். டக்கென்று சத்தம் கேட்டால் போதாது. மதர்போர்டின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள்: நாலு துளைகளிலும் வெளிர்நிறக் கால் விரிந்து, அதன் நடுவே கறுப்பு ஆணி தெரிய வேண்டும். மூன்றில் தெரிந்து ஒன்றில் தெரியவில்லை என்றால் அது மாட்டவே இல்லை.

சரி, எண்களுக்கு வருகிறேன். எதையும் தொடுவதற்கு முன்பு, டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது அல்ல, கேம் கனமாக ஓடும் இடத்தில் பத்து நிமிஷம் விளையாடிக்கொண்டே பார்க்க வேண்டியவை: கார்டின் யூசேஜ், அதன் கிளாக் (ஓடும் வேகம்), அதன் சூடு, அப்புறம் ப்ராசஸரின் சூடும் கிளாக்கும்.

யூசேஜ் 95-க்கு மேல், கிளாக்கும் வழக்கம்போல, ஆனாலும் எஃப்பிஎஸ் குறைவு என்றால் கார்டு முழு மூச்சாக உழைக்கிறது, வேலைதான் கூடிவிட்டது. கேம் அப்டேட்டில் செட்டிங் தானாக ஏறியிருக்கிறதா பாருங்கள். 4 ஜிபி கார்டில் டெக்ஸ்சரை அல்ட்ராவில் வைத்தால் விராம் (கார்டின் சொந்த நினைவகம்) நிரம்பி, மிச்சத்தை ராமிலிருந்து இழுத்து இழுத்துத் திணறும். டெக்ஸ்சரை மட்டும் ஒரு படி இறக்கினால் சரியாகிவிடும்.

யூசேஜ் 95-க்கு மேல், ஆனால் கிளாக் இறங்கியிருக்கிறது என்றால் சூடு அல்லது கரன்ட். என் 1060 போன்ற 10 வரிசைக் கார்டுகள் 83 டிகிரியைத் தொட்டதுமே வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கத் தொடங்கும். ஜிபியூ-இசட் மென்பொருளில் பெர்ஃப்கேப் ரீசன் என்று ஒரு வரி இருக்கிறது, கார்டு ஏன் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

யூசேஜ் 60-க்குக் கீழே கிடக்கிறது, எஃப்பிஎஸ்ஸும் கீழே கிடக்கிறது என்றால் கார்டை விட்டுவிடுங்கள். வேறு எதுவோ அதைப் பிடித்து வைத்திருக்கிறது. எஃப்பிஎஸ் அசையாமல் 60-லோ 30-லோ நின்றால் விசிங்க் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டர் வேகத்தோடு கட்டிப்போடும் செட்டிங்) அல்லது ஏதோ ஒரு லிமிட் விழுந்திருக்கிறது. மேலும் கீழும் ஆடினால் ப்ராசஸர் அல்லது ராம். இங்கே ஒரு ஏமாற்று உண்டு. ப்ராசஸர் யூசேஜ் மொத்தமாக 40 சதவீதம்தான் காட்டுகிறது, அதனால் ப்ராசஸர் சும்மா இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஒரு கோர் முட்டி நின்றாலும் கேம் அதற்குத்தான் காத்திருக்கும். கோர் கோராகப் பாருங்கள்.

ஸ்டார்ட் ஆகும்போது வரும் எழுத்தைப் படிக்காமல் கடப்பது

திருப்பாதிரிப்புலியூர் தம்பியின் கேமை ஓடவிட்டுப் பார்த்தேன். அவனுடைய 1660 சூப்பர் கார்டு 60 சதவீதம்தான் வேலை செய்தது. சூடு 64. கார்டில் ஒன்றுமில்லை. ப்ராசஸரான ரைசன் 3600-ம் சூடாகவில்லை.

ரீஸ்டார்ட் செய்யச் சொன்னேன். கறுப்புத் திரையில் நாலு வரி வந்தது. நான் படிப்பதற்குள் எஃப்1-ஐத் தட்டிவிட்டான். "இது தினமும் வரும்ணா, எஃப்1 அழுத்தினா போயிடும்." எத்தனை நாளாக என்றேன். பத்து நாளாக. எஃப்பிஎஸ் எத்தனை நாளாக விழுந்தது? யோசித்துவிட்டு அதுவும் அவ்வளவு நாள்தான் இருக்கும் என்றான்.

மதர்போர்டின் அடிப்படை செட்டிங்குகள் இருக்கும் பயாஸுக்குள் போனால் தேதி பல வருஷம் பின்னால் கிடந்தது. மதர்போர்டில் நாணயம் போல இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. நம் வீடுகளில் ராத்திரி படுக்கும்போது சுவரிலேயே ஸ்விட்சை அணைத்துவிடுகிறோம், நல்ல பழக்கம்தான், ஆனால் சுவரில் கரன்ட் இல்லாத நேரமெல்லாம் அந்தப் பேட்டரிதான் பயாஸின் நினைவைத் தாங்குகிறது. அது தீர்ந்தால் ஒவ்வொரு நாளும் காலையில் பயாஸ் பிறந்த குழந்தை மாதிரி எழுந்திருக்கும். விண்டோஸ் இன்டர்நெட்டில் தேதியைத் திருத்திக்கொள்வதால் நமக்குத் தெரியாது. ஆனால் ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி செட்டிங் அணைந்திருக்கும். சில போர்டுகளில் அதற்கு டிஓசிபி என்று பெயர். அவனுடைய 3200 ராம் 2133-ல் ஓடிக்கொண்டிருந்தது. ரைசனில் ப்ராசஸரின் உள் இணைப்பும் ராம் வேகத்தோடு சேர்ந்தே ஓடுவதால் அடி இரண்டு பக்கமும்.

தெருமுனை எலெக்ட்ரிக்கல் கடையில் ஐம்பது ரூபாய்க்குள் பேட்டரி. மாற்றி, எக்ஸ்எம்பியைப் போட்டதும் 140 வந்துவிட்டது. தம்பி திரையைப் பார்க்கவில்லை, கையில் இருந்த பழைய பேட்டரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் வேலையாக ஃபார்மட் அடிப்பது

ஃபார்மட் கடைசி வேலை. அடித்தால் பழைய சேவ் ஃபைல் போகும், அதைவிட முக்கியமாக எது மாறியது என்ற தடயமும் போகும். ஃபார்மட்டுக்குப் பிறகு மானிட்டர் 144-லிருந்து 60 ஹெர்ட்ஸுக்கு வந்து நின்றதைக் கவனிக்காமல், முன்னைவிட மோசமாகிவிட்டது என்று என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

டிரைவர் அப்டேட்டர் மென்பொருள்கள்

வேண்டாம்.

டிரைவர் போட்ட அரை மணி நேரத்தில் தீர்ப்பு சொல்வது

புது டிரைவர் வந்ததும் காட்சியை வரைய முன்கூட்டியே தயாரித்து வைத்திருந்த பழைய ஷேடர் கேஷ் பயன்படாமல் போகும், கேம் அதை மறுபடி உருவாக்க வேண்டும். முதல் சில ஆட்டம் தடுக்கித்தான் ஓடும். அதற்கப்புறமும் சரியாகவில்லை என்றால் சேஃப் மோடில் டிடியூ என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளை வைத்து முழுசாகத் துடைத்து, முன்பு நன்றாக ஓடிய பதிப்பைப் போடுங்கள். புதுசுதான் நல்லது என்று ஒன்றும் கிடையாது.

கேபினெட்டைத் தரையில் வைப்பது

நம் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. கடலைவிட்டுத் தள்ளி இருக்கும் பக்கம் ஹீட்சிங்கில் தூசு பஞ்சு மாதிரி படியும், ஊதினால் பறந்துவிடும். கடலோரத்தில் வைத்திக்குப்பத்திலிருந்தும் தேவனாம்பட்டினத்திலிருந்தும் வருகிற சிஸ்டங்களில் அதே தூசு ஈரத்தோடு சேர்ந்து களி மாதிரி அப்பியிருக்கும். புளோயர் அடித்தாலும் மேல் பொடிதான் போகும், காய்ந்த பிரஷ்ஷால் சுரண்டி எடுக்க வேண்டும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இஷ்டத்துக்குச் சுழலவிட்டால் பேரிங் போகும்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தண்ணீர் ஏறிய வீடுகளில் தரையில் இருந்த கேபினெட்டுகள் நேராகவே போய்விட்டன, அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தண்ணீரே தொடாமல், ஈரத் தரையில் பத்து நாள் கிடந்தவை இரண்டு மூன்று மாதம் கழித்து வந்தன. கார்டின் ஒரு ஃபேன் இறுகிப்போய் நின்றிருக்கும், இன்னொன்று மட்டும் கத்திக்கொண்டு சுற்றும், சூடு ஏறி கிளாக் இறங்கியிருக்கும். ஃபேன் மாற்றினால் போதும். கார்டு சுத்தமாக நன்றாக இருக்கும். அரை அடி உயரத்தில் ஒரு மரப் பலகை போட்டு அதன் மேல் வையுங்கள்.

வண்டியில் கொண்டுபோய்விட்டு அப்படியே ஆன் செய்வது

கூலரைச் சொல்லிவிட்டேன். கார்டும் ஸ்லாட்டில் ஒரு நூல் அளவு தூக்கிக்கொள்ளும். படம் வரும், ஆனால் ஜிபியூ-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் (கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே உள்ள பாதையின் அகலம்) எக்ஸ்16 என்று இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ்4 அல்லது எக்ஸ்1 என்று நிற்கும். கழற்றி, தங்கப்பூச்சு முனையை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, தாழ் விழும்வரை அழுத்துங்கள். ரப்பர் வைத்துத் தேய்ப்பதை நான் நிறுத்திவிட்டேன், துகள் ஸ்லாட்டுக்குள் போய் உட்காருகிறது.

ஒரே நேரத்தில் நாலு மாற்றம்

ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், அப்புறம் அடுத்தது.

நன்றாக ஓடும் நாளில் எதையும் குறித்து வைக்காதது

கார்டு 64 டிகிரியில் இருக்கிறது என்றால் அது அதிகமா குறைவா என்று எனக்கு எப்படித் தெரியும், போன மாசம் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தானே? கத்திரி வெயிலில் ஒரு எண், மார்கழியில் ஒரு எண் வரும், இரண்டையும் குறித்து வைத்திருப்பவர் இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார். நான் கையில் எடுக்கும் ஒவ்வொரு சிஸ்டத்திலும் பக்கவாட்டு மூடியின் உள்பக்கம் ஒரு துண்டுத் தாள் ஒட்டிவிடுகிறேன். தம்பியின் கேபினெட்டிலும் ஒட்டி, அவனையே எழுதச் சொன்னேன். கேமின் பெயர், எஃப்பிஎஸ் 140, கார்டு சூடு, ப்ராசஸர் சூடு, ராம் 3200. எழுதி முடித்துவிட்டு, நான் சொல்லாமலே கீழே இன்னொரு வரி சேர்த்தான்: பேட்டரி மாற்றிய தேதி.