அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து (சாக்கர்): கோச்சிங் குழுவில் யாருக்கு, எப்போது, எப்படி எழுதுவது

அமெரிக்கக் கல்லூரி அணியில் ஆட ஆசைப்படும் பையன்கள் பெரும்பாலும் ஹெட் கோச்சுக்கு மட்டும் ஒரு மெயிலைத் தட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். பதில் வராது. வெளியிலிருந்து வரும் வீடியோக்களை முதலில் திறந்து பார்ப்பதும், பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவதும் பெரும்பாலும் அவருக்குக் கீழே இருக்கும் ஒரு அசிஸ்டென்ட்தான். அதனால் முதலில் குழுவின் வேலைப் பிரிவினையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் என்ன பார்க்கிறார்

என்சிஏஏ என்பது கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு, அதில் டிவிஷன் 1 மேல்மட்டம், டிவிஷன் 3 கீழ்மட்டம். டிவிஷன் 1 ஆண்கள் அணியில் வழக்கமாக ஒரு ஹெட் கோச்சும் இரண்டு மூன்று அசிஸ்டென்ட்களும் இருப்பார்கள். அவர்களில் மூத்தவருக்கு அசோசியேட் ஹெட் கோச் என்று பட்டம் கொடுத்திருப்பார்கள். கல்லூரியின் விளையாட்டுத் தளத்தில் ஒவ்வொருவரின் அறிமுகக் குறிப்பையும் முழுதாகப் படியுங்கள். ‘ரிக்ரூட்டிங் கோஆர்டினேட்டர்’ என்று யாருக்கு எழுதியிருக்கிறதோ, மெயில் அவர் பெயருக்குப் போக வேண்டும். ஹெட் கோச்சுக்கு நகல் போதும். நீங்கள் கீப்பர் என்றால் கோல்கீப்பர் கோச்சுக்குத்தான் முதல் மெயில்.

டைரக்டர் ஆஃப் ஆபரேஷன்ஸ் என்பவர் பயணம், ஓட்டல், அட்டவணை பார்ப்பவர். நீங்கள் கல்லூரியைப் பார்க்கப் போகும் நாளில் அவர் தேவைப்படுவார், ஆள் எடுப்பதில் அவருக்குப் பங்கில்லை. அத்லெட்டிக் டிரெய்னர் காயங்களைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர். பதவிப் பெயரைப் பார்த்து ஏமாந்து அவருக்கு வீடியோ அனுப்புகிறவர்கள் உண்டு. சம்பளமில்லாத வாலன்டியர் கோச் பதவி டிவிஷன் 1-இல் 2023 ஜூலை 1-உடன் ஒழிந்துவிட்டது. அப்படி ஒருவருக்கு எழுதச் சொல்லும் பழைய குறிப்புகளை ஒதுக்கிவிடுங்கள்.

டிவிஷன் 3, என்ஏஐஏ (பெரும்பாலும் சிறிய கல்லூரிகளின் தனி அமைப்பு) போன்ற இடங்களில் கதை வேறு. பல அணிகளில் ஹெட் கோச்சும், கூடவே மேற்படிப்புப் படிக்கும் ஒரு கிராஜுவேட் அசிஸ்டென்ட்டும்தான் முழுக் குழு. அங்கே ஹெட் கோச்சுக்கே நேரடியாக எழுதலாம், பதிலும் வேகமாக வரும்.

ரோஸ்டரை எண்ணுங்கள்

கோச் அறிமுகத்தைவிட அதிகம் சொல்வது வீரர் பட்டியல்தான். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இடம், உயரம், எந்த ஆண்டு மாணவர், முன்பு எங்கே ஆடினார் என்று இருக்கும். ஒரு தாளில் உங்கள் இடத்துக்கு உரியவர்களை மட்டும் எழுதுங்கள். மூன்று கீப்பர்கள், ஒருவர் சீனியர் (நான்காம் ஆண்டு), ஒருவர் சோஃபமோர் (இரண்டாம் ஆண்டு), ஒருவர் ஃப்ரெஷ்மேன் (முதலாண்டு) என்றால் அடுத்த ஆண்டு ஓர் இடம் காலியாகும், ஆனால் முதல் கீப்பர் இடத்துக்கு உங்களுக்கு முன்னால் இருவர் நிற்கிறார்கள். டிஃபெண்டர் என்று மட்டும் போட்டிருந்தால் லெஃப்ட் பேக் யார், சென்டர் பேக் யார் என்று தெரியாது. அணியின் இரண்டு ஆட்ட வீடியோவைப் பார்த்துப் பிரிக்க வேண்டும்.

அடுத்து, கடந்த இரண்டு ஆண்டுகளில் புதிதாக வந்தவர்களைப் பாருங்கள். அவர்களில் பாதிக்கு மேல் வேறு அமெரிக்கக் கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்கள் என்றால், அந்த கோச் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியல்) ஆள் பிடிப்பவர். பள்ளி முடித்து நேராக வருபவனுக்கு அங்கே கதவு குறுகல். வெளிநாட்டு வீரர்கள் எத்தனை பேர் என்பதும் முக்கியம். கிறிஸ் கிராஸியின் கீழ் மார்ஷல் பல்கலைக்கழகம் 2020 சீசனின் தேசியப் பட்டத்தை (கோவிடால் இறுதி ஆட்டம் 2021 மே மாதம் நடந்தது) வென்றபோது அணியில் வெளிநாட்டினர் நிறைய. அப்படிப்பட்ட அணிகளின் கோச்களுக்கு விசா, மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் பழகிய வேலை. வெளிநாட்டவரே இல்லாத அணியில் அதையெல்லாம் நீங்களே விளக்க வேண்டி வரும்.

பணம் எங்கே இருக்கிறது

டிவிஷன் 3-இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளிலும் கிடையாது. அங்கே படிப்புக்கான உதவி மட்டும். டிவிஷன் 2 ஆண்கள் அணிக்கு 9 முழு ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு, என்ஏஐஏ-வில் 12. இதைத்தான் கோச் பலருக்கும் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கிறார். டிவிஷன் 1-இல் பல காலம் 9.9 என்று இருந்தது. 2025 ஜூனில், கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் கிடைத்தபின், அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் வரம்பு போய் அணிக்கு 28 பேர் என்ற ஆள் வரம்பு வந்தது. ‘ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேர்ந்து பயிற்சியில் கலந்துகொள்கிறேன், பிறகு பார்க்கலாம்’ என்று நினைப்பவர்களுக்கு இது பாதகமான மாற்றம். கல்லூரி சமரசத்தில் சேர்ந்திருக்கிறதா என்பது கோச்சிடம் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று.

எப்போது எழுதுவது

டிவிஷன் 1, 2 கோச்கள் பத்தாம் வகுப்பு முடிந்த பின் வரும் ஜூன் 15-க்கு முன் ஆள் சேர்ப்பு பற்றி உங்களுக்குப் பதில் எழுதக் கூடாது என்பது விதி. அதற்கு முன் மௌனம் சாதித்தால் மனம் தளர வேண்டாம். கேம்ப் விளம்பரமும் உங்கள் விவரம் கேட்கும் படிவமும் மட்டும் அவர்கள் அனுப்பலாம். அந்தப் படிவத்தை நிரப்பிவிடுங்கள், உங்கள் பெயர் அவர்கள் பட்டியலில் ஏறும்.

ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை சீசன். வாரத்துக்கு இரண்டு ஆட்டம், பயணம் என்று கோச்கள் மூச்சுவிட நேரமில்லாமல் இருப்பார்கள். டிசம்பரில் போர்ட்டல் பரபரப்பு. பிப்ரவரி முதல் மே வரையான காலம்தான் மெயில் படிக்கப்பட நல்ல வாய்ப்புள்ள நேரம்.

மெயில்

தலைப்பு வரியிலேயே விஷயம் முடிய வேண்டும்: “2027 – லெஃப்ட் பேக் – இடது கால் – 5 அடி 11 – ஜிபிஏ 3.6 – வீடியோ உள்ளே”. இங்கே 2027 என்பது பள்ளி முடிக்கும் ஆண்டு, பிறந்த ஆண்டல்ல; ஜிபிஏ என்பது நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி. ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கினால் நூறு பேருக்கு ஒரே கடிதம் போயிருக்கிறது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். ‘கோச்’ என்ற சொல்லுடன் அவருடைய குடும்பப் பெயர், அதுதான் அங்கே மரியாதை. எட்டுப் பத்து வரி போதும். அவர்கள் அணியைப் பற்றி ஒரு வரி, ரோஸ்டரை எண்ணியதிலிருந்து வரட்டும்: “இரண்டு லெஃப்ட் பேக்குகளும் சீனியர்கள் என்று பார்த்தேன்.” பையனே எழுத வேண்டும். அப்பா எழுதும் மெயில் கோச்சுக்கு முதல் சந்தேகத்தைக் கிளப்பிவிடும்.

வீடியோ மூன்று முதல் ஐந்து நிமிடம். சிறந்த ஐந்தாறு காட்சிகள் முதல் முப்பது விநாடிக்குள் வரட்டும். ஒவ்வொரு காட்சியிலும் பந்து உங்களிடம் வருவதற்கு முன்பே உங்கள் மேல் ஒரு வட்டமோ அம்புக்குறியோ போடுங்கள். பந்து கிடைப்பதற்கு மூன்று நான்கு விநாடி முன்னால் காட்சியைத் தொடங்குங்கள். தலையைத் திருப்பிப் பார்த்தீர்களா, எங்கே நின்றீர்கள் என்பதைத்தான் அசிஸ்டென்ட் தேடுகிறார். பாட்டும் ஸ்லோ மோஷனும் வேண்டாம். கீழே இரண்டு முழு ஆட்டங்களின் இணைப்பு கட்டாயம், அதில் ஒன்றாவது வலுவான எதிரணியோடு ஆடியதாக இருக்கட்டும். இணைப்பு ‘அன்லிஸ்டட்’ ஆக (இணைப்பு உள்ள யாரும் பார்க்கும்படி) இருக்க வேண்டும், ‘பிரைவேட்’ ஆக அல்ல. அனுமதி கேட்கும் டிரைவ் இணைப்புக்காக எந்த கோச்சும் கோரிக்கை அனுப்பிக் காத்திருக்க மாட்டார். அனுப்பும் முன் வேறொருவர் போனில் திறந்து பாருங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் பதில் இல்லையென்றால் அதே மெயிலின் கீழ் இன்னொன்று. புதுச் செய்தி ஏதாவது இருக்க வேண்டும்: புதிய வீடியோ, தேர்வு முடிவு. ‘பார்த்தீர்களா?’ என்று மட்டும் கேட்பது வீண். ஐடி கேம்ப் (வீரர்களை நேரில் ஆடவைத்துப் பார்க்கும் முகாம்) அழைப்பு வந்தால், உங்கள் ஆட்டத்தைப் பற்றிக் குறிப்பாக ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அது ஆயிரம் பேருக்குப் போன விளம்பரம். அதற்காக விமான டிக்கெட் எடுக்காதீர்கள்.

பேச்சு வந்த பிறகு

அசிஸ்டென்ட் ‘உன்னை எங்களுக்குப் பிடித்திருக்கிறது’ என்பது ஆஃபர் அல்ல. பணம் பற்றிய முடிவு ஹெட் கோச்சிடம். அவர் ‘ஐம்பது சதவீதம்’ என்றால் எதில் ஐம்பது என்று கேளுங்கள். டியூஷன், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 60,000 டாலர், அதில் டியூஷன் 40,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் பாதி என்றால் 30,000; டியூஷனில் பாதி என்றால் 20,000. நான்கு ஆண்டில் வித்தியாசம் 40,000 டாலர். எஃப்-1 மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்துக்கு முதலாண்டுச் செலவில் மீதியை வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும், அதையும் அப்போதே கணக்குப் போடுங்கள்.

ஒரு கல்லூரியில் சேரச் சம்மதித்து வீரர் கையெழுத்திடும் நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் 2024 அக்டோபரில் கைவிடப்பட்டது. இப்போது கையெழுத்திட வேண்டியது கல்லூரி தரும் நிதியுதவி ஒப்பந்தம். தொகை, எத்தனை ஆண்டு, எந்தச் சூழ்நிலையில் குறைக்கலாம் ஆகிய மூன்றும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

டிவிஷன் 1, 2-க்கு என்சிஏஏ எலிஜிபிலிட்டி சென்டரில் (தகுதியைச் சரிபார்க்கும் பிரிவு) பதிவு கட்டாயம்: 16 கோர் பாடங்கள் (ஆங்கிலம், கணிதம், அறிவியல் போன்றவை), டிவிஷன் 1-க்குக் குறைந்தது 2.3 ஜிபிஏ, டிவிஷன் 2-க்கு 2.2. ஒன்பதாம் வகுப்பிலிருந்து எல்லா மதிப்பெண் பட்டியலையும் பத்திரப்படுத்துங்கள். ஒன்பதாம் வகுப்புப் பட்டியலைத் தொலைத்துவிட்டுப் பள்ளிக்கு அலைபவர்கள் அதிகம். பள்ளி முடித்து ஓராண்டுக்கு மேல் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தாலோ, ஆடியதற்குச் சம்பளம் வாங்கியிருந்தாலோ கல்லூரியில் ஆடும் உரிமை குறையலாம். இந்த விதிகள் அடிக்கடி மாறுவதால் கோச் சொன்னதோடு நிறுத்தாமல் விதிகளைக் கவனிக்கும் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் அலுவலரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கையெழுத்திட்ட பிறகு ஹெட் கோச் வேறு கல்லூரிக்குப் போய்விடுவதும் நடக்கும். ஒப்பந்தம் கல்லூரியோடு போட்டது, அதனால் அவர் போனதும் தானாக ரத்தாகிவிடாது. ஆனால் புதியவர் உங்களைத் தேர்ந்தெடுத்தவர் அல்லர். அந்த வாரமே, பழைய குழுவில் யார் தங்குகிறார்கள் என்று அசிஸ்டென்ட்டிடம் கேளுங்கள். புதிய கோச் பொறுப்பேற்றதும் வீடியோவோடு முதல் மெயிலை மறுபடி அனுப்புங்கள்.