பனி கொட்டுற ஊர்ல கன்னுக்குட்டி வளர்க்கிறது எப்படி? சீம்பால்ல ஆரம்பிச்சு சினைக்கு விடுற வரைக்கும்

குளிர் பிரதேசத்துல புதுசா பால்மாட்டுக் கன்னு வளர்க்க ஆரம்பிக்கிறவங்க முதல் வேலையா கொட்டகையோட ஜன்னல் கதவு எல்லாத்தையும் சாத்திடுவாங்க, பாவம் கன்னு குளிர்ல நடுங்குமேன்னு. தயவுசெஞ்சு சாத்தாதீங்க. காஞ்ச உடம்பும் நிறைஞ்ச வயிறும் இருந்துட்டா கன்னு குளிரைத் தாங்கிக்கும், அதைப் படுக்க வைக்கிறது ஈரமும் ஊதக்காத்தும் பசியும்தான். கீழ சொல்ற எல்லா ஸ்டெப்பும் இந்த மூணையும் எப்படித் தள்ளி வைக்கிறதுங்கிறது பத்திதான்.

ஸ்டெப் 1: முதல் நாள்

கன்னு பொறந்து 2 மணி நேரத்துக்குள்ள சீம்பால் உள்ள போயிடணும். உடம்பு எடையில பத்துல ஒரு பங்கு, அதாவது 40 கிலோ கன்னுன்னா 4 லிட்டர். நேரம் போகப் போக சீம்பால்ல இருக்கிற எதிர்ப்புச் சக்தியை இழுத்துக்கிற வேலையை குடல் குறைச்சுக்கிட்டே வந்து, 24 மணி நேரத்துல சுத்தமா நிறுத்திடும், அதனால நாளைக்கு காலையில பாத்துக்கலாம்னு மட்டும் விட்றாதீங்க. தொப்புளை 7% அயோடின்ல முக்கி எடுங்க. அப்புறம் துண்டால நல்லா அழுத்தித் துடைச்சு முடியெல்லாம் புசுபுசுன்னு நிக்கிற வரைக்கும் காய வைங்க, காது நுனியை மறக்காதீங்க, உறைபனியில முதல்ல கருகிப் போறது அதுதான்.

ஸ்டெப் 2: படுக்கை

வைக்கோலைக் கஞ்சத்தனம் இல்லாம போடுங்க. கன்னு படுத்திருக்கும்போது பாருங்க, கால் முழுசா வைக்கோலுக்குள்ள புதைஞ்சு வெளிய தெரியலைன்னா சரியா இருக்குன்னு அர்த்தம், கால் தெரிஞ்சா இன்னும் போடணும். அடுத்து நீங்களே அதுல முட்டி போட்டு ஒரு அரை நிமிஷம் உக்காருங்க, எழுந்தா பேன்ட் முட்டியில ஈரம் இருக்கா? இருந்தா கன்னு ராத்திரி முழுக்க அந்த ஈரத்துலதான் கிடக்கப்போகுது. அப்படியே குனிஞ்ச வாக்குல மூக்கை கன்னு மூக்கு உயரத்துக்குக் கொண்டு போங்க. நின்னா தெரியாத மூத்திர நெடி அங்க கண்ணைக் கரிக்கும், எல்லாத்தையும் சாத்தின கொட்டகையில சளியும் நிமோனியாவும் வர்றது இந்தக் காத்தாலதான். மேல காத்து போய் வரணும், கன்னு மேல நேரா அடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஸ்டெப் 3: பால், தண்ணி, தீவனம்

பிறந்த கன்னுக்கு வெளிய 10-15 டிகிரிக்குக் கீழ போனாலே குடிக்கிற பாலை உடம்பு சூட்டுக்கு எரிக்க ஆரம்பிச்சிடும், அப்புறம் வளர எங்க மிச்சம் இருக்கும், அதனால குளிர்காலத்துல ரெண்டு வேளையை மூணு வேளை ஆக்கிடுங்க. பால் 38-40 டிகிரி சூட்டுல இருக்கட்டும். குடிச்ச கொஞ்ச நேரத்துல வெதுவெதுன்னு தண்ணியும் வைங்க. பால் இருக்கே தண்ணி எதுக்குன்னு நிறைய பேர் கேக்குறாங்க. பால் அசைபோடுற வயித்துக்குள்ள போகாம நேரா கடைசி வயித்துக்குப் போயிடும், தண்ணிதான் முன்னாடி வயித்துக்குப் போகும், அது இல்லாம தீவனம் நொதிக்காது, அந்த வயிறும் வளராது. முதல் வாரத்துலேர்ந்தே கன்னுத் தீவனம் ஒரு பிடி கண்ணுல படுற மாதிரி வைங்க.

ஸ்டெப் 4: பால் மறக்க வைக்கிறது

8 வாரத்துக்கு மேல, தொடர்ந்து 3 நாள் தினம் ஒன்றரை கிலோ தீவனம் தின்னா பாலைக் குறைக்கலாம். ஒரேயடியா நிறுத்தாம 10 நாளாவது எடுத்துக்கோங்க. கடுங்குளிர் அலை வர்ற வாரத்துலயும் கொம்பு வளராம இருக்க முளையைச் சுடுற வாரத்துலயும் வேண்டாம்.

ஸ்டெப் 5: மேய்ச்சலுக்கு விடுறது

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம், தப்பும் இங்கதான் அதிகமா நடக்குது. வசந்தத்துல புல் 20 சென்டிமீட்டர் வளர்ந்ததும் உள்ள விடுங்க, 8-10 சென்டிமீட்டருக்கு வந்ததும் அடுத்த பாத்திக்கு மாத்திடுங்க. கடைசி வரைக்கும் ஒட்ட மேய விட்டா புல்லும் எழுந்திருக்காது, கன்னும் கெட்டுப்போகும், ஏன்னா குடற்புழுவோட குஞ்சு பெரும்பாலும் தரையை ஒட்டின 5 சென்டிமீட்டர்லதான் இருக்கும். முதல் தடவை மேயப் போற கன்னுக்கு அதுங்களை எதிர்க்கிற சக்தி கிடையாது. அதனால இருக்கிறதுலயே சுத்தமான இடம், உதாரணமா புல் அறுத்து எடுத்த நிலம், சின்னதுங்களுக்குத்தான், பெரிய மாடுங்க பின்னாடி வந்து மிச்சத்தை மேயட்டும். இருமிக்கிட்டே இருந்தாலோ பின்னாடி சாணி வழிஞ்சு ஒட்டியிருந்தாலோ டாக்டர்கிட்ட சாணி டெஸ்ட் பண்ணுங்க.

க்ளோவர், குதிரைமசால் மாதிரி பயறுவகைத் தீவனச்செடி நிறைய இருக்கிற பாத்தியில பசியோட, பனி ஈரத்தோட விடாதீங்க, இடது பக்கம் மேளம் மாதிரி உப்பிடும். முன்னாடியே கொஞ்சம் காஞ்ச புல் போட்டுட்டு விடுங்க. இன்னொண்ணு, 6 மாசம் வரைக்கும் வெறும் புல்லு பத்தாது, எவ்வளவு பச்சையா இருந்தாலும் சரி, வயிறு சின்னது, கூட அடர்தீவனம் வேணும்.

ஸ்டெப் 6: குளிர்காலம்

கதிர் வர்றதுக்கு முன்னாடியே அறுத்துக் காய வச்ச புல்லா வாங்குங்க, கையில கசக்கினா இலையா மெத்துன்னு இருக்கணும், குச்சியா குத்தக் கூடாது. சாயங்காலமா நிறைய போடுங்க, வயித்துக்குள்ள புல் நொதிக்கிற சூடு ராத்திரி குளிருக்கு உதவும். காத்தைத் தடுக்க மர வரிசையோ இடைவெளி விட்ட பலகைத் தடுப்போ போதும். உறையாத தண்ணி கட்டாயம். கிடேரி முதுகுல பனி உருகாம அப்படியே கிடந்தா பயப்படாதீங்க, உள்சூடு வெளிய போகலைன்னு அர்த்தம், பனி உருகி முடி நனைஞ்சு கிடந்தாதான் உடனே கவனிக்கணும். குளிர்காலத்து முடி மெலிவை மறைச்சிடும், வாரம் ஒரு தடவை விலா எலும்பு மேல கைய வச்சு அமுக்கிப் பாருங்க.

ஸ்டெப் 7: அளந்து பாருங்க

முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சைச் சுத்தி எடை டேப் (சுத்தளவை வச்சு எடையைக் காட்டுற டேப்) போட்டு மாசம் ஒரு தடவை எழுதி வைங்க. ஹோல்ஸ்டீன்ங்கிற கறுப்பு-வெள்ளை பால்மாட்டு இனமா இருந்தா நாளுக்கு 700-800 கிராம் ஏறணும். வளர்ந்த மாட்டு எடையில 55% வந்ததும் சினைக்கு விடலாம், 650 கிலோ மாடுன்னா சுமார் 360 கிலோ, வழக்கமா 13-15 மாசத்துல வரும். வயசு ஆச்சேன்னு அவசரப்பட்டு சினை ஊசி போடாதீங்க, டேப் 340 கிலோதான் காட்டுதுன்னா ஒரு சினைப்பருவச் சுத்து, அதாவது 21 நாள் விட்டு மறுபடி அளந்துட்டு ஊசி போடுற ஆளைக் கூப்பிடுங்க.