காலம் கடந்த குத்துச்சண்டைச் சோடிகளை எடைபோடும் முறை

முஹம்மத் அலியும் மைக் டைசனும் தத்தம் உச்சத்தில் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார் என்ற கேள்வி, மட்டக்களப்பிலும் கல்முனையிலும் தேநீர்க்கடை வாங்குகளில் இன்றும் எழுந்துகொண்டுதான் இருக்கிறது. மூத்தவர்கள் பெரும்பாலும் அலியின் பக்கம் நிற்பார்கள். எண்பதுகளின் இறுதியில் இளைஞர்களாக இருந்தவர்கள் டைசனை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு ஆளுக்கொரு மனிதனை மனத்தில் வைத்துப் பேசுவதால் விவாதம் சத்தத்தில் முடிகிறது. முதலில் அதற்கு வரம்பு கட்டவேண்டும்.

ஒவ்வொரு வீரருக்கும் ஒரு திகதியைக் குறியுங்கள். 1966 நவம்பர் 14 அன்று ஹூஸ்டனில் கிளீவ்லாந்து வில்லியம்ஸை மூன்றாம் சுற்றில் முடித்த 24 வயது அலியும், 1974 ஒக்டோபரில் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து அடிகளை வாங்கி ஜோர்ஜ் ஃபோர்மனைக் களைக்க வைத்து எட்டாம் சுற்றில் வீழ்த்திய அலியும் ஒரே குத்துச்சண்டைக்காரர் அல்லர். இடையில் 1967 முதல் 1970 வரை அவர் கோதாவுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார். திரும்பி வந்தபோது கால்களின் பழைய வேகம் குறைந்துவிட்டது. டைசனுக்கு நான் 1988 ஜூன் 27 ஐ எடுப்பேன். அன்று அவர் மைக்கேல் ஸ்பிங்ஸை 91 வினாடிகளில் வீழ்த்தினார்.

அடுத்து எந்தக் காலத்து விதிகள் என்று தீர்மானியுங்கள். உலகப் பட்டப் போட்டிகள் 15 சுற்றுகளாக இருந்து, எண்பதுகளில் 12 ஆகக் குறைக்கப்பட்டன. அந்தக் கடைசி மூன்று சுற்றுகள், நின்று நிதானமாக உழைப்பவருக்குச் சாதகமானவை. 1919 இல் டொலீடோவில் ஜாக் டெம்ப்சி, தன்னைவிட ஏறத்தாழ 60 இறாத்தல் கூடிய ஜெஸ் வில்லார்டை முதற்சுற்றில் மாத்திரம் ஏழு முறை விழுத்தினார்; வில்லார்ட் எழும்போதெல்லாம் டெம்ப்சி பக்கத்திலேயே நின்று மீண்டும் அடித்தார். விழுத்தியவர் இருவருக்கும் சொந்தமில்லாத நடுநிலை மூலைக்குப் போயே ஆகவேண்டும் என்ற இன்றைய விதியின் கீழ் அந்த ஆயுதம் அவருக்குக் கிடையாது. இடமும் வெப்பமும்கூடக் கணக்கில் வரவேண்டும். 1975 இல் மணிலாவில் அலியும் ஜோ ஃபிரேசியரும் காலை வேளையின் புழுக்கத்தில் 14 சுற்றுகள் மோதினார்கள். கச்சான் காற்று அடிக்கும் நாளொன்றில் மட்டக்களப்பின் வெபர் மைதானத்தைச் சுற்றி ஓடியவர்களுக்கு அதன் கடுமை சொல்லாமலே விளங்கும்.

உடலளவை மறைக்காதீர்கள். டெம்ப்சியும் றொக்கி மார்சியானோவும் 190 இறாத்தலை ஒட்டியே நின்றவர்கள். இன்று அவர்கள் ஹெவிவெயிட்டுக்கு அடுத்துக் கீழுள்ள, 200 இறாத்தல் எல்லையுள்ள குரூசர்வெயிட் பிரிவில் சேர்க்கப்படுவார்கள். ஆனால் சிறியவர் தோற்றே தீருவார் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. ஜோ லூயிஸ் 1935 இல் இராட்சத உருவம் கொண்ட பிரிமோ கார்னேராவை ஆறாம் சுற்றில் முடித்தார். 2024 மே மாதத்தில் உக்ரேனின் ஒலெக்சாண்டர் உசிக் 6 அடி 9 அங்குலமான டைசன் ஃபியூரியைப் புள்ளிகளில் வென்றார். பெரியவரை வெல்லும் சிறியவரிடம் வேகமோ கால் வேலையோ தப்பாமல் இருக்கும். அவை உண்டா என்று பாருங்கள்.

வெற்றிப் பட்டியலை வைத்துத் தீர்ப்புச் சொல்பவர்களிடம் ஒரு முக்கோணத்தைக் காட்டுங்கள். ஃபிரேசியர் 1971 இல் அலியை வென்றார். ஃபோர்மன் 1973 இல் ஃபிரேசியரை இரண்டு சுற்றுகளுக்குள் ஆறு முறை விழுத்தினார். அந்த ஃபோர்மனை அலி வென்றார். குனிந்து முன்னேறும் ஃபிரேசியர், கீழிருந்து மேலே எழும் ஃபோர்மனின் அப்பர்கட் குத்துக்குத் தானாகவே தலையைக் கொடுத்தார். சண்டை முறைகள் ஒன்றோடொன்று பொருந்தும் விதமே முடிவைச் செய்கிறது.

உண்மையிலேயே தலைமுறை கடந்து நடந்த சண்டைகளும் உள்ளன. 1951 இல் 37 வயது லூயிஸை மார்சியானோ வீழ்த்தியதும், 1988 இல் 38 வயது லாரி ஹோம்ஸை டைசன் வீழ்த்தியதும் முதுமையைப் பற்றியே பேசுகின்றன. அவற்றைச் சாட்சியாக ஏற்காதீர்கள். மூத்தவர் தாக்குப்பிடித்த சண்டைகள்தான் பெறுமதியானவை. ஃபோர்மன் தமது 42 ஆவது வயதில், 1991 இல், அன்றைய சம்பியன் ஹோலிஃபீல்டுக்கு எதிராக 12 சுற்றுகளும் நின்றார். 1994 இல் 45 வயதில் மைக்கேல் மூரரைப் பத்தாம் சுற்றில் வீழ்த்திப் பட்டத்தை மீட்டார். எழுபதுகளின் வீரர்கள் தொண்ணூறுகளில் நிலைத்திருக்கமாட்டார்கள் என்ற வாதத்தை என்னால் ஏற்கமுடியாததற்கு இதுவே காரணம்.

கணினியை நம்பிச் செல்வதும் தீர்வாகாது. 1969 இல் அலியையும் மார்சியானோவையும் நடிக்க வைத்துப் படமாக்கிய கணினிச் சண்டையில் மார்சியானோ பதின்மூன்றாம் சுற்றில் வென்றார். அலி வெல்லும் முடிவும் எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

இனி அலி, டைசன் சோடியை எடுப்போம். 12 சுற்றுகள், 1988 இன் விதிகள். அலியின் கை நீட்டம் 78 அங்குலம், டைசனுடையது 71. ஆகவே டைசன் உள்ளே புகவேண்டும், புகவும் வல்லவர். தலையை இருபுறமும் அசைத்துக்கொண்டு வந்து, வலக்கையால் விலாவில் ஒன்று கொடுத்து, எதிராளியின் முழங்கை கீழிறங்கும் கணத்தில் அதே வலக்கையை நாடிக்குக் கீழிருந்து மேலே செலுத்துவது அவருடைய கைவந்த தாக்குதல். அலி குத்துகளைத் தவிர்க்கத் தலையைப் பின்னுக்குச் சாய்ப்பவர். இடக்கை ஹுக், அதாவது பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து, அவரை 1963 இல் ஹென்றி கூப்பரிடமும் 1971 இன் பதினைந்தாம் சுற்றில் ஃபிரேசியரிடமும் விழுத்தியிருக்கிறது. ஆகவே முதல் நான்கு சுற்றுகள் அலிக்கு மெய்யான ஆபத்து. ஆனால் அவர் இரண்டு முறையும் எழுந்துவிட்டார். எதிராளியின் கழுத்தைக் கையால் அழுத்திப் பிடித்து நெருக்கத்தை முறிப்பதிலும் அவர் தேர்ந்தவர். 1987 இல் இப்படிப் பிடித்துக்கொண்டே இருந்த போன்குரஷர் ஸ்மித்தை டைசனால் 12 சுற்றுகளிலும் வீழ்த்த முடியவில்லை. 1990 இல் நீண்ட இடக்கையால் குத்திக்கொண்டே இருந்த பஸ்டர் டக்ளஸிடம் பத்தாம் சுற்றில் விழுந்தார்.

பத்து முறை மோதினால் ஆறு முறை அலி வெல்வார், டைசனின் நான்கு வெற்றிகளும் ஐந்தாம் சுற்றுக்கு முன்னரே வரும் என்பது என் தீர்ப்பு. நீங்களும் இப்படியே பத்துக்கு எத்தனை என்று சொல்லுங்கள். எந்தச் சுற்றில், எந்தக் குத்தால் என்பதையும் சேர்த்துச் சொன்னால் எதிர்ப்பக்கத்தார் மறுப்பதற்கு ஒரு பிடி கிடைக்கும். அடுத்ததாக 1938 இன் ஜோ லூயிஸையும் 1973 இன் ஃபோர்மனையும் எடுத்துப் பாருங்கள்.