பன்னிரண்டு அங்குல ஆர்ம்: துளை போடும் முன்

என்னிடம் லென்கோ எல்75 என்ற பழைய இசைத்தட்டு பிளேயர் இருக்கிறது. அதில் ஊசியைத் தாங்கித் தட்டின் மேல் நகரும் கைதான் ஆர்ம். அந்த ஆர்மைத் தாங்கிய ரப்பர்க் கட்டைகள் ஒருநாள் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டன. அந்த மாடலுக்கே உள்ள வியாதி. புது ரப்பர் வாங்கிப் போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் நாகஸ்வரத் தட்டுகளில் ஊசி நடுவிலுள்ள லேபிளை நெருங்க நெருங்க ஒரு கரகரப்பு வரும். அது பல வருஷமாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது. சரி, இதுதான் சாக்கு என்று 12 அங்குல ஆர்முக்கு மாறினேன்.

நீள ஆர்மால் என்ன கிடைக்கும் என்பதை முதலில் கணக்காகப் பார்த்துவிடுங்கள். தட்டில் பள்ளத்தை வெட்டிய கருவி நேர்கோட்டில் நகர்ந்தது; நம் ஊசி வளைந்து போகிறது. அதனால் தட்டில் இரண்டே இடங்களில்தான் கோணம் அச்சாகப் பொருந்தும். பேர்வால்ட் என்பவர் வகுத்த கணக்குப்படி அவை மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. மற்ற இடங்களில் கொஞ்சம் விலகும். ஆர்ம் சுழலும் புள்ளியிலிருந்து ஊசி முனை வரை 230 மி.மீ. இருந்தால், வெளி விளிம்பில் 1.9 டிகிரி, லேபிள் அருகே 0.8 டிகிரி விலகல். அதையே 305 மி.மீ. ஆக்கினால் 1.4, 0.6. அவ்வளவுதான். அதிகபட்சம் அரை டிகிரி லாபம். இதற்காகத்தான் இத்தனை செலவு.

இப்போது வயிற்றைக் கலக்கும் விஷயம். ஊசி ஸ்பிண்டிலை (தட்டை மாட்டும் நடுத்தண்டை) தாண்டி நிற்கும் தூரம், அதாவது ஓவர்ஹேங், 1 மி.மீ. பிசகினாலே லேபிள் அருகே கோணம் கிட்டத்தட்ட 1 டிகிரி மாறிவிடும். வாங்கிய லாபம் போக, கையிலிருந்தும் போகும். அளந்து வைத்த குட்டை ஆர்ம், குத்துமதிப்பாக வைத்த நீள ஆர்மை எப்போதும் ஜெயிக்கும்.

எந்த ஆர்ம் என்பது உங்கள் கார்ட்ரிட்ஜைப் (ஊசியைத் தாங்கும் சிறு பெட்டியை) பொறுத்தது. நீளம் கூடினால் எடை கூடும். கனமான ஆர்மில் மெத்தென்ற சஸ்பென்ஷன் உள்ள கார்ட்ரிட்ஜைப் பூட்டினால், கொஞ்சம் வளைந்த தட்டில்கூட ஊசி படகு மாதிரி ஆடும். சோதிக்க எளிய வழி: ஆர்மின் எஃபெக்டிவ் மாஸ் (ஊசி உணரும் ஆர்மின் எடை), கார்ட்ரிட்ஜ், திருகு மூன்றின் கிராமையும் கூட்டி, கம்ப்ளையன்ஸால் (சஸ்பென்ஷன் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்ற எண்ணால்) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதால் வகுங்கள். 8-லிருந்து 12 ஹெர்ட்ஸுக்குள் வந்தால் நல்லது. 20 கிராம் ஆர்மில் ஆர்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ் போட்டால் 7-க்கும் கீழே வரும், வேண்டாம். டெனான் டிஎல்-103 போட்டால் 9-ஐ ஒட்டி வரும். அதன் கம்ப்ளையன்ஸை 100 ஹெர்ட்ஸில் 5 என்று குறிப்பிடுவார்கள்; இந்தக் கணக்குக்கு அதைச் சுமார் இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ள வேண்டும். நான் டெனானைத்தான் போட்டேன்.

பழைய ஆர்ம் வாங்குவதானால் ஹெட்ஷெல்லை, அதாவது கார்ட்ரிட்ஜ் பூட்டும் முன் தலையை, இரண்டு விரலால் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். பேரிங்கில் லொடலொடவென்று ஆட்டம் தெரிந்தால், விற்பவர் என்ன சொன்னாலும் கிளம்பிவிடுங்கள். எஸ்எம்இ 3012 என்ற 12 அங்குல ஆர்ம் கிடைத்தால் ஒரு சௌகரியம்: அதன் அடிப்பாகமே முன்னும் பின்னும் நகரும், பலகையில் போடும் துளையில் சிறு பிழை இருந்தாலும் சமாளிக்கலாம். ஆனால் அதற்கு வட்டத் துளை போதாது, நீள்துளை வெட்ட வேண்டும்.

ஆர்மைப் பொருத்தும் துளை எங்கே? ஆர்ம் நீளத்தின் வர்க்கத்திலிருந்து 7979-ஐக் கழித்து வர்க்கமூலம் எடுங்கள். 305 மி.மீ. ஆர்முக்கு 291.6 வரும். ஸ்பிண்டில் மையத்திலிருந்து ஆர்ம் சுழலும் புள்ளிக்கு அதுதான் தூரம். மீதி 13.4 மி.மீ. ஓவர்ஹேங். ஆர்முடன் வந்த தாளில் வேறு எண் இருந்தால் அவர்கள் வேறு கணக்கைப் பின்பற்றியிருக்கலாம். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

நான் கோட்டை விட்டது இங்கேதான். துளை இடத்தைக் குறித்த காகித டெம்ப்ளேட்டை அச்சிட்டபோது, தாளுக்குள் அடங்கும்படி பிரிண்டர் அதை 3 சதவீதம் சுருக்கியிருக்கிறது. 291.6 என்பது 283 ஆகிவிட்டது. ஸ்கேல் வைத்துப் பார்க்காமல் நல்ல தேக்குப் பலகையில் துளை போட்டேன். அந்தப் பலகை இப்போது பூந்தொட்டிக்கு அடியில் இருக்கிறது.

இரண்டாம் முறை கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அலுமினியப் பட்டையில் ஸ்பிண்டிலில் இறுக்கமாக உட்காரும்படி ஒரு துளை, அங்கிருந்து 291.6 மி.மீ. தள்ளி சென்டர் பஞ்ச் (புள்ளி குத்தும் உளி) நுழைய இன்னொரு துளை. பத்து நிமிஷ வேலை. பட்டறைக்காரர், “எந்த மோட்டாருக்குங்க இது?” என்றார். பாட்டு கேட்க என்றதும் ஒரு மாதிரி பார்த்தார்.

பட்டையை ஸ்பிண்டிலில் மாட்டிச் சுழற்றினால் ஒரு வில் கிடைக்கும். அதன் மேல் எந்தப் புள்ளியும் சரிதான். ஆர்மின் பின்னால் உள்ள எடைக்கட்டி (கவுண்டர் வெயிட்) சுவரில் இடிக்காமல், ஓய்வில் இருக்கும் ஆர்ம் தட்டைத் தொடாமல் இடம் பாருங்கள். லென்கோவில் அந்த இடம் இரும்புத் தகடுக்கு வெளியே விழும். பிளைவுட் அடுக்கிப் பெரிய பெட்டி செய்ய வேண்டிவரும். துளையை ஆர்மின் தண்டைவிட 2 மி.மீ. பெரிதாகப் போடுங்கள். நட்டை முறுக்கும் முன் பட்டையால் இன்னொரு முறை அளந்து நகர்த்திக்கொள்ளலாம்.

பிறகு ஸ்பிரிட் லெவல். அதன்பின் ஊசி அழுத்தம்: டிஎல்-103-க்கு 2.5 கிராம். கடைசியாக, கட்டம் போட்ட அளவுத் தாளைத் தட்டு இருக்கும் இடத்தில் வைத்து, 66 மற்றும் 120.9 புள்ளிகளில் கார்ட்ரிட்ஜ் கட்டத்துக்கு நேராக நிற்கும்வரை ஹெட்ஷெல்லில் நகர்த்துங்கள். திருகை இறுக்கும்போது அது நகரும், திரும்பப் பாருங்கள். ஆர்ம் உயரத்துக்காக ரொம்ப மெனக்கெட வேண்டாம். இந்த நீளத்தில் 1 மி.மீ. ஏற்றினால் ஊசியின் சாய்வு 0.2 டிகிரிகூட மாறாது. ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதைத் தடுக்கும் ஆன்டி ஸ்கேட்டிங்கும் குட்டை ஆர்மைவிடக் குறைவாகவே வேண்டும்.

பழைய மூடி இனிப் பொருந்தாது. நான் வேட்டித் துணி போட்டு மூடுகிறேன்; எடுக்கும்போது மட்டும் ஆர்மில் சிக்காமல் மேல்நோக்கித் தூக்க வேண்டும்.