‘சட்டம் ஒழுங்கு சந்தி சிரிக்கிறது’ என்று எழுதும் முன்: குற்றக் கணக்கைச் சரிபார்க்கும் முறை

உயிருக்கும் உடைமைக்கும் காவல் தருவதுதான் அரசின் முதல் வேலை. இலவசம், சிலை, விழா எல்லாம் அதற்குப் பிறகு. அப்படி நம்புகிறவர்களுக்காக எழுதியது இது: மேடையில் பேசுகிறவர், வார்டு குழுவில் செய்தி பகிர்கிறவர், உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதுகிறவர். நம் தரப்பில் ஒருவர் தவறான எண்ணைச் சொல்லிவிட்டால் மறுநாள் கொலையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். எண்ணைப் பற்றித்தான் பேசுவார்கள். பதில் சொல்லாமல் நழுவ ஆளுங்கட்சிக்கு அதைவிட வசதி வேறில்லை.

பொது ஒழுங்கும் காவலும் அரசியல் சட்டத்தின் 7-வது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் முதல் இரண்டு இனங்கள். ஆகவே கேள்வி கோட்டையை நோக்கித்தான் போக வேண்டும். அதைத் துல்லியமாகக் கேட்கும் வழி இங்கே.

முதலில், கேட்ட செய்தியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். எந்தக் குற்றம், எந்த எல்லை, எந்த ஆண்டோடு எந்த ஆண்டு என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். ‘குற்றங்கள் பெருகிவிட்டன’ என்பதைச் சரிபார்க்க முடியாது. ‘இந்த மாவட்டத்தில் ஜனவரி முதல் ஜூன் வரை வழிப்பறி வழக்குகள் சென்ற ஆண்டின் அதே ஆறு மாதங்களைவிட அதிகம்’ என்பதைச் சரிபார்க்கலாம். மாதங்கள் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை விட்டுவிடாதீர்கள். தீபாவளிக் கூட்ட நெரிசலில் திருட்டு கூடும், கோடை விடுமுறையில் பூட்டிய வீடுகள் உடையும். நவம்பரை ஜூலையோடு ஒப்பிட்டால் பண்டிகையைத்தான் அளக்கிறீர்கள்.

எண் கிடைக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை. எல்லா மாநிலங்களையும் ஒரே முறையில் எண்ணுவதால் ஒப்பிடுவதற்கு இதுதான் அடிப்படை. குறை, தாமதம்: 2022-ஆம் ஆண்டுக் கணக்கு 2023 டிசம்பரில் வந்தது, 2023-ஆம் ஆண்டுக் கணக்கு வர 2025 செப்டம்பர் ஆயிற்று. இரண்டாவது, சட்டமன்றத்தில் காவல்துறை மானியக் கோரிக்கையின்போது, அதாவது துறைக்கு நிதி கேட்கும் விவாதத்தின்போது, வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பு. இது புதியது, ஆனால் அரசு தன்னைப் பற்றித் தானே எழுதுவது, எந்த ஆண்டோடு ஒப்பிட்டால் அழகாகத் தெரியுமோ அந்த ஆண்டைத் தேர்ந்துகொள்ளும். ‘பத்தாண்டுகளில் குறைவு’ என்று படித்தால் பத்து எண்களையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். மூன்றாவது, தகவல் உரிமைச் சட்டம். அதற்குப் பிறகு வருகிறோம். ஒரே ஆண்டுக்கு இரண்டு ஆவணங்களில் இரண்டு எண் இருந்தால் எது எங்கிருந்து எடுத்தது என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். ஒன்றிலிருந்து முதல் ஆண்டையும் மற்றதிலிருந்து அடுத்த ஆண்டையும் எடுத்து ஒட்டாதீர்கள்.

இனி விகிதம். வழக்கு எண்ணிக்கையை லட்சத்தில் சொன்ன மக்கள்தொகையால் வகுக்க வேண்டும். 2022-ல் நாடு முழுக்கப் பதிவான கொலை வழக்குகள் 28,522. மக்கள்தொகை சுமார் 13,800 லட்சம். வகுத்தால் லட்சத்துக்கு 2.1. உத்தரப் பிரதேசத்தையும் தமிழ்நாட்டையும் வெறும் எண்ணில் ஒப்பிடுகிறவர் எந்தக் கட்சிக்காரரானாலும் ஏமாற்றுகிறார், அல்லது கணக்குத் தெரியவில்லை. சிறிய எண்களில் சதவீதம் வேண்டாம். ஒரு காவல் நிலையத்தில் இரண்டு கொலை நான்கானால் ‘100 சதவீத உயர்வு’ என்று தலைப்புப் போடலாம். அடுத்த ஆண்டு ஒன்றானால் அதே கணக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பும். மாவட்ட அளவில் ஐந்தாண்டுச் சராசரியை எடுத்து அதோடு ஒப்பிடுங்கள்.

எந்தக் குற்றத்தின் எண்ணை நம்பலாம் என்பதில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். கொலையை மறைப்பது கடினம். பிணம் இருக்கிறது, பிரேதப் பரிசோதனை இருக்கிறது. எனவே அந்த எண் உண்மைக்கு மிக நெருக்கமானது. அடுத்து வாகனத் திருட்டு: காப்பீட்டுக்கு எப்.ஐ.ஆர். வேண்டும் என்பதால் பெரும்பாலும் பதிவாகிவிடுகிறது. கைப்பேசித் திருட்டு, சிறு வழிப்பறி, அடிதடி இவற்றில் புகாரை வாங்கி சி.எஸ்.ஆர். ரசீதோடு, அதாவது புகார் வந்தது என்பதற்கான வெறும் அத்தாட்சியோடு, அனுப்பிவிடும் பழக்கம் உண்டு. சி.எஸ்.ஆர். வழக்கு அல்ல, குற்றக் கணக்கில் ஏறாது. ஆகவே திருட்டு எண் குறைந்தால் திருடன் குறைந்தானா, பதிவு குறைந்ததா என்ற கேள்வி நிற்கிறது. கேரளம் பல ஆண்டுகளாக மொத்தக் குற்ற விகிதத்தில் முன்வரிசையில் நிற்கக் காரணம் அங்கே கொள்ளையர் அதிகம் என்பதல்ல. வழக்குப் பதிவு சுலபம். மொத்தக் குற்ற எண்ணை வைத்து எந்த மாநிலத்தையும் புகழவும் வேண்டாம், இகழவும் வேண்டாம்.

மொத்த எண் எப்படி ஏமாற்றும் என்பதற்கு 2020 போதும். அந்த ஆண்டு நாட்டில் பதிவான குற்றங்கள் 28 சதவீதம் கூடின. ஊரே வீட்டுக்குள் இருந்த ஆண்டு! அரசு ஊழியர் பிறப்பித்த உத்தரவை மீறியதாகப் போடும், இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-வது பிரிவு வழக்குகள் 29,469-லிருந்து 6,12,179 ஆனதே முக்கியக் காரணம். அதாவது முகக்கவசமும் ஊரடங்கும். இன்றும் 2020-ஐ அடிப்படை ஆண்டாக வைத்து ‘குற்றம் குறைந்தது’ என்று யாராவது சொன்னால் அந்த ஆண்டை எடுத்துவிட்டு மீண்டும் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

இன்னொரு பள்ளம் 2024 ஜூலை 1. அன்றுதான் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. கொலை 302-லிருந்து 103 ஆனது, கொலை முயற்சி 307-லிருந்து 109 ஆனது. இவை எண் மாற்றம் மட்டுமே. திருட்டு அப்படியல்ல. பழைய 379 இப்போது 303. ஆனால் பறிப்பு என்பது 304-ஆம் பிரிவில் தனிக் குற்றமாகப் பிரிந்துவிட்டது. முன்பு திருட்டாகவோ வழிப்பறியாகவோ எழுதப்பட்ட செயின் பறிப்பு இப்போது வேறு தலைப்பில் போகலாம். 2023-ன் திருட்டையும் 2025-ன் திருட்டையும் நேராக வைத்துப் பார்த்தால் குறைந்ததுபோல் தெரிய வாய்ப்புண்டு. திருட்டு, பறிப்பு, வழிப்பறி மூன்றையும் இரண்டு ஆண்டுகளுக்கும் கூட்டி ஒப்பிடுங்கள்.

எல்லையும் மாறும். 2022 ஜனவரியில் சென்னைக் காவல் எல்லையைப் பிரித்து ஆவடி, தாம்பரம் ஆணையரகங்கள் வந்தன. 2021-ஐயும் 2022-ஐயும் ‘சென்னைக் காவல்’ என்ற பெயரில் ஒப்பிட்டால், சில காவல் நிலையங்கள் அடுத்த ஆணையரகத்துக்குப் போனதையே நீங்கள் அமைதி என்று எழுதிவிடுவீர்கள். மூன்று ஆணையரகங்களையும் கூட்டினாலும் புறநகர் மாவட்டங்களிலிருந்து சேர்ந்த நிலையங்களைக் கவனிக்க வேண்டும்.

எண்ணும் விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆவணக் காப்பகம் ஒரு வழக்கில் பல பிரிவுகள் இருந்தால் மிகக் கடுமையான குற்றத்தின் கீழ் மட்டும் எண்ணும். பாலியல் வன்கொடுமை செய்து கொன்றால் அது கொலைக் கணக்கில் போகும். எண்ணுவது வழக்கை, மூன்று பேர் வெட்டிக் கொல்லப்பட்ட ஒரு சம்பவம் ஒரே எப்.ஐ.ஆர். என்றால் ஒரு வழக்கு. பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கைக்குத் தனிப் பத்தி உண்டு, அதைப் பாருங்கள். கள்ளச்சாராயச் சாவுகளைக் கொலை அட்டவணையில் தேடிப் பயனில்லை. அதே காப்பகம் தனியாக வெளியிடும் விபத்து மரணங்கள், தற்கொலைகள் அறிக்கையில்தான் விஷச் சாராயம் என்ற தலைப்பு இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ‘கொலைகள் குறைவு’ என்று சொல்லும் எந்த அட்டவணையும் அந்த வீடுகளின் துயரத்தைக் காட்டாது.

கஞ்சாவில் ‘இத்தனை வழக்கு, இத்தனை கைது’ என்று அரசு சொல்லும். அது காவலரின் உழைப்பைக் காட்டுகிறது. தெருவில் சரக்கு குறைந்ததா என்பதைக் காட்டாது. போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாவுக்கு 1 கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. ஜாமீன் கடினமாவது வணிக அளவில்தான். எனவே சிறு அளவு, இடைப்பட்ட அளவு, வணிக அளவு என மூன்றாகப் பிரித்து எத்தனை வழக்கு என்று கேளுங்கள். பெரும்பகுதி பொட்டலக் கைதுகளாக இருந்தால் மாட்டியது கல்லூரி வாசலில் நின்ற பையன். லாரியில் அனுப்பியவன் வெளியே இருக்கிறான்.

குண்டர் சட்டமும் அப்படியே. 1982-ஆம் ஆண்டின் 14-வது தமிழ்நாடு சட்டமான இதில் ஓராண்டு வரை விசாரணையின்றி அடைக்கலாம். ஒழுங்கை விரும்புகிறவர்கள் இதன் எண்ணிக்கையைக் கண்டு மகிழ்ந்துவிடுகிறார்கள். கேட்க வேண்டியது, அந்த உத்தரவுகளில் எத்தனையை, அவற்றைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகமும் உயர் நீதிமன்றமும் ரத்து செய்தன என்பது. ஆவணம் தாமதமாகக் கொடுத்தார்கள், மொழிபெயர்ப்புத் தரவில்லை போன்ற காரணங்களால் உத்தரவு விழுந்து, ரவுடி மாலையோடு வெளியே வருவது யாருடைய கவனக்குறைவு? சட்டத்தை உறுதியாகப் பயன்படுத்து என்று கேட்கிறவர்கள் முறையாகப் பயன்படுத்து என்றும் கேட்க வேண்டும். ரவுடிகளைக் காவலர் சுட்ட செய்திகளுக்குக் கைதட்டுவதும் அதனால்தான் தவறு: நீதிமன்றத்தில் வாங்கித் தரும் தண்டனைதான் அரசின் வெற்றி.

அந்த வெற்றியை அளக்க இரண்டு எண்கள். குற்றப்பத்திரிகை விகிதம் என்பது காவல்துறை முடித்த வழக்குகளில் எத்தனை நீதிமன்றம் போயின என்பது. தண்டனை விகிதம் என்பது விசாரணை முடிந்த வழக்குகளில் எத்தனையில் தண்டனை கிடைத்தது என்பது. இரண்டாவதில் ஒரு சூது இருக்கிறது. ஆயிரம் வழக்கு நிலுவையில் கிடக்க, இருபது மட்டும் முடிந்து, பதினாறில் தண்டனை என்றால் ‘80 சதவீதம்’ என்று பெருமை பேசலாம். ஆகவே தண்டனை விகிதத்தை ஒருபோதும் தனியாக எழுதாதீர்கள்; அருகிலேயே நிலுவை சதவீதத்தையும் எழுதுங்கள்.

தகவல் உரிமை மனுவை மாவட்டக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ‘ஏன் குற்றம் பெருகியது?’ என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: குறிப்பிட்ட மூன்று ஆண்டுகளில், காவல் நிலையவாரியாக, பதிவான சி.எஸ்.ஆர். எத்தனை, அவற்றில் எப்.ஐ.ஆர். ஆனவை எத்தனை, அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரம்பியவை எத்தனை. கட்டம் போட்டு நீங்களே அட்டவணையை இணைத்துவிட்டால் நிரப்பித் தருவது அவர்களுக்கும் எளிது. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். பலர் முதல் மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிட்டு எல்லாவற்றையும் இழக்கிறார்கள்; மனு அனுப்பிய அன்றே நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். தபால் ரசீதையும் ஒப்புகை அட்டையையும் பத்திரமாக வையுங்கள்.

தனிச் சம்பவம் பற்றிய செய்தி வேறு வகை. முதலில் காவல் நிலையம், எப்.ஐ.ஆர். எண், ஆண்டு, பிரிவுகள் இந்த நான்கையும் பிடியுங்கள். 24 மணி நேரத்துக்குள் எப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம், தீவிரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு. தேடி அகப்படவில்லை என்பதால் வழக்கே பதியவில்லை என்று எழுதிவிடாதீர்கள், விலக்கில் வருகிறதா என்று பாருங்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயர், படம், பள்ளி, தெரு எதையும் வெளியிடுவது குற்றம். அந்தக் குடும்பத்துக்காகப் பேசுகிறோம் என்ற எண்ணத்தில் அதைச் செய்து வழக்கில் மாட்டியவர்கள் உண்டு. சாதியையும் மதத்தையும் எப்.ஐ.ஆரில் காரணமாகச் சொல்லாதபோது தலைப்பில் ஏற்றாதீர்கள். கைதானவரை ‘கொலையாளி’ என்று எழுதாமல் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்றே எழுதுங்கள்.

காட்சிப்பதிவு வந்தால் கடைப் பலகை, பேருந்தின் வழித்தடப் பலகை, வாகனப் பதிவெண், சுவரொட்டியின் தேதி ஆகியவற்றைப் பாருங்கள். டி.என். என்று தொடங்காத பதிவெண்கள் மட்டுமே தெரிந்தால் வேறு மாநிலமாக இருக்கலாம். வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பரவிய பொய்க் காட்சிகளால் பீகார் அரசு குழு அனுப்ப வேண்டி வந்தது, பரப்பியவர்கள் மேல் வழக்கும் வந்தது. உண்மையான ஒரு வெட்டுக்குத்தைக் கேள்வி கேட்கும் தகுதியை அப்படி ஒரு பகிர்வு பறித்துவிடும்.

இவ்வளவும் செய்தபின் உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் ஒரு பக்கத் தாளாகக் கொடுங்கள். மேலே குற்றத்தின் பெயர், நடுவில் ஐந்தாண்டு அட்டவணை, ஒவ்வோர் எண்ணுக்கும் ஆவணத்தின் பெயரும் பக்க எண்ணும், கீழே ஒரே ஒரு கேள்வி. காவல் மானியக் கோரிக்கை நாளுக்கு இரண்டு வாரம் முன்பே அது அவர் கையில் இருக்க வேண்டும். அன்று காலையில் கொடுத்தால் சட்டைப் பையிலேயே தங்கிவிடும்.