கதவு மூடியைத் தொடுவதற்கு முன்: இயந்திரக் கதவுகளைப் பொருத்துவோர்க்கும் பழுது பார்ப்போர்க்கும்

கதவு சரியாக மூடவில்லை என்ற அழைப்பின்பேரில் செல்லும் புதிய பணியாளர், பெரும்பாலும் ஏணியை விரித்தவுடன், கதவைத் தானாக மூடவைக்கும் கருவியான டோர் குளோசரின் திருகில்தான் கை வைக்கிறார். மற்ற எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகே தொட வேண்டிய திருகு அது. கதவை இயக்கும் கருவி எதுவாக இருந்தாலும், அது கதவின் குறையை மறைக்க முடியுமே தவிர நீக்க முடியாது.

முதலில் கதவை மூடிய நிலையில் வைத்து, குளோசரின் கையின் இரு துண்டுகளும் சேரும் இடத்திலுள்ள திருகைக் கழற்றுங்கள். உள்ளே ஸ்பிரிங் இழுத்துக்கொண்டிருப்பதால் அந்தக் கை சட்டென்று விலகும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு கதவை வெறும் கையால் மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். எங்காவது உரசினாலோ, ஓரிடத்தில் மட்டும் கனத்தாலோ, குறை கீலில் அல்லது நிலைச்சட்டத்தில் இருக்கிறது. நிறுத்திய இடத்தில் நிற்காமல் தானாக நகரும் கதவு, கீல் பக்கத்து நிலைச்சட்டம் தூக்குத் தவறி, அதாவது செங்குத்தாக இல்லாமல் சாய்ந்து இருப்பதைக் காட்டுகிறது. மேல்கீலின் திருகுகள் தளர்ந்திருந்தால், பூட்டுப் பக்கத்து மேல்மூலை நிலையில் இடிக்கும், கீழ்மூலை தரையைத் தேய்க்கும். அதற்குப் பழைய துளையைப் பசை தடவிய கடினமான மரமுளையால் அடைத்து, நீளமான திருகைப் புதிதாக ஏற்றுவதே சரியான சிகிச்சை. புதிதாகப் பொருத்தும்போது நிலைச்சட்டத்தை முன்முகம், பக்கமுகம் என இரு திசையிலும் தூக்கு பார்ப்பதோடு, மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து ஒப்பிட வேண்டும். அவை வேறுபட்டால் நிலை சதுரமாக இல்லை, அதில் எந்தக் கதவும் ஒழுங்காக உட்காராது.

குளோசரைத் தேர்ந்தெடுப்பதில் அகலமும் எடையும் சேர்ந்தே கணக்கில் வரும். ஐரோப்பியத் தரநிலையான இஎன் 1154, 950 மில்லிமீட்டர் அகலமும் 60 கிலோ எடையும் வரையுள்ள கதவுக்கு 3-ஆம் அளவையும், 1100 மில்லிமீட்டரும் 80 கிலோவும் வரை 4-ஆம் அளவையும் குறிக்கிறது. இரண்டில் எது கூடுதல் அளவைக் கேட்கிறதோ அதையே எடுக்க வேண்டும்.

கதவைத் திறக்கும்போது அழுத்தப்படும் ஸ்பிரிங், மூடும்போது விரிந்து, எண்ணெயைக் குறுகிய வழிகளின் ஊடே தள்ளுகிறது. வேகத்தை நிர்ணயிப்பது அந்த வழியின் குறுக்கம்தான். பெரும்பாலான குளோசர்களில் ஒரு திருகு பெரும்பகுதித் தூரத்தின் வேகத்தையும், மற்றொன்று தாழ் விழும் கடைசிச் சில பாகைகளின் வேகத்தையும் ஆளுகிறது. முன்னதைச் சரிசெய்த பிறகே பின்னதைத் தொட வேண்டும். ஒரு முறைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாமல், ஒவ்வொரு முறையும் கதவை முழுதாகத் திறந்து விட்டுப் பாருங்கள். வலப்பக்கம் திருப்பினால் வேகம் குறையும். இடப்பக்கம் அளவுக்கு மீறித் திருப்பினால் எண்ணெய் கசியும், கசிந்த குளோசரை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. வேகத்துக்கு ஓர் அளவுகோல் வேண்டுமெனில், 90 பாகையிலிருந்து தாழுக்கு 12 பாகை முன்வரை வர குறைந்தது 5 விநாடி ஆக வேண்டும் என்ற அமெரிக்க அணுகல்தன்மை விதியைக் கொள்ளலாம். வெப்பத்தில் எண்ணெய் இளகிக் கதவு விரைவாகவும், குளிரில் மந்தமாகவும் மூடும் என்பதையும் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது பின்னாளைய புகாரைத் தவிர்க்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் தாழ் விழவில்லையெனில், அறையின் மற்றொரு கதவையோ சன்னலையோ திறந்து வைத்துச் சோதியுங்கள். அப்போது மட்டும் தாழ் விழுந்தால், கதவைத் தடுத்தது காற்றழுத்தம். அதற்காகக் குளோசரின் வலுவைக் கூட்டுவது, முதியவர்களும் குழந்தைகளும் அந்தக் கதவைத் தள்ளவே முடியாமல் செய்துவிடும். தீத்தடுப்புக் கதவாக இருந்தால், அது முழுமையாக மூடித் தாழிடும்வரை வேலை முடிந்ததாகக் கருதக் கூடாது. அதைத் திறந்தே நிறுத்த ஆப்பு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

மின்சாரத்தில் இயங்கும் சறுக்குக் கதவுக்கும் இதே ஒழுங்குதான். மின்னிணைப்பைத் துண்டித்து, வேறெவரும் மீண்டும் போடாதவாறு பூட்டிவிட்டு, கதவைக் கையால் நகர்த்துங்கள். ஒரே சீராக, தட்டுப்படாமல் நகர வேண்டும். தாளகதியில் தட்டும் ஒலி வந்தால் மேல் உருளை தேய்ந்திருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் இறுகினால் தரை வழிகாட்டியில் அழுக்கோ கல்லோ சிக்கியிருக்கிறது. தண்டவாளத்துக்கு எண்ணெய் இடும் பழக்கம் தீங்கானது, தூசி அதில் ஒட்டிக் கெட்டிப்படும். உலர்ந்த துணியே போதும். ஆள் இல்லாமலே கதவு திறந்துகொண்டால், மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் சென்சாரின் எல்லைக்குள் அசையும் திரையோ செடியோ இருக்கிறதா என்று பாருங்கள். மின்னிணைப்பைக் கொடுத்த பிறகு வழக்கமான வேகத்தில் ஒருமுறை, மிக மெதுவாக ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, கடைசியாக வாசலின் நடுவில் அசையாமல் நில்லுங்கள். அந்நிலையில் கதவு உங்களை நோக்கி மூடத் தொடங்கினால், வாசலைக் காக்கும் சென்சார் பழுதானது. அது சரியாகும்வரை அந்தக் கதவைத் தானியங்கியாக இயங்க விடக் கூடாது.

உருளை ஷட்டரின் ஸ்பிரிங்கை மட்டும் தனியாளாகத் தொடாதீர்கள். முறுக்கேறிய அந்தச் சுருள், பிடி நழுவிய கணத்தில் அதை முறுக்கும் கம்பியைச் சுழற்றிக் கையை ஒடித்துவிடும் வலு கொண்டது. ஷட்டரை நழுவாதவாறு கட்டி, ஸ்பிரிங்கை முறுக்குவதற்கான துளைக்குச் சரியாகப் பொருந்தும் முறுக்குக் கம்பிகள் இரண்டைக் கொண்டு, ஒன்று துளையில் இருக்கும்போதே மற்றதை மாற்றி மாற்றிச் செருகி முறுக்கைத் தளர்த்த வேண்டும்; ஸ்குரூடிரைவரைக் கம்பியாகப் பயன்படுத்துவது எந்த அவசரத்திலும் கூடாது.